மருந்து கண்ட சுப்பாராவ்

நோய் மனிதனுடன் தோன்றியது. அதனைத் தீர்க்கும் முயற்சியும் அவனுடனே தோன்றியது. வேரும் தழையும் காயும் கனியும் கொண்டு பிணி நீக்கிய காலம் ஒன்று. அப்பொருள்களுள் மறைந்து நின்று நோய் தீர்ப்பது யாது என ஆராய்ந்து, அதனைப் பிரித்தெடுத்து, அதன் அமைப்பை அறிந்து, ஆய்வுக்கூடத்திலே மனிதன் தானே ஆக்கிக் கொண்ட காலம் மற்றொன்று. இவ்விரண்டாம் காலத்தை வளப்படுத்திய அறிஞருள் ஒருவர் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். வறிய குடும்பத்தில் பிறந்து, சென்னையில் கல்வி பெற்று, அமெரிக்க நாட்டில் ஆராய்ச்சி செய்து, உலக மக்களுக்குப் பயன்படும் மருந்துகளை அளித்தவர் அவர்.

இளமை

கோதாவரி பாயும் வளநாட்டிலே பீமவரம் என்னும் ஊர் உள்ளது. அக்காலத்தில் அது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. இன்று ஆந்திரப் பிரதேசத்தில் அமைந்துள்ளது. அவ்வூரில் 1895-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12-ஆம் நாள் ஜகந்நாதம், வேங்கம்மா என்னும் பெற்றோருக்கு மகனாகச் சுப்பாராவ் பிறந்தார். பெற்றோருக்கு மக்கள் எழுவர். அவர்களுள் இவர் நான்காமவர். தந்தையார் உடல்நலம் குன்றி, உரிய காலத்திற்கு முன்னரே பணியிலிருந்து விலக நேர்ந்தது. அதனால் குடும்பத்தில் வறுமை குடிகொண்டது.

சுப்பாராவுக்கு இளமையில் படிப்பின்மேல் நாட்டம் இல்லை. பதின்மூன்று வயதில் ஒருநாள் வீட்டை விட்டு வெளியேறினார். காசிக்குச் சென்று, அங்கு வரும் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பெரும்பொருள் ஈட்டலாம் என்பது அவர் கண்ட கனவு. அக்கனவு நிறைவேறவில்லை, வழியிலேயே அவரைக் கண்டு வீட்டுக்கு அழைத்து வந்தனர். பழ வணிகராக விரும்பிய அச்சிறுவர் பிற்காலத்தில் உயிர்ப் பொருள்களின் நுண்ணிய இயல்புகளை ஆராய்வார் என்று அன்று எவரும் எண்ணியிருக்க இயலாது.

பின்னர்ச் சென்னை திருவல்லிக்கேணியில் உள்ள இந்து உயர்நிலைப் பள்ளியில் அவர் பயின்றார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோல்வியுற்று, மூன்றாம் முறையே வெற்றி பெற்றார். தோல்வி கண்டு துவண்டிருந்தால் அவர் வரலாறு அங்கேயே முடிந்திருக்கும். அதன்பின் மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பில் சேர்ந்தார். அக்காலத்தில் அவர் உள்ளம் துறவை நாடியது. இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து தொண்டு செய்ய விரும்பினார். மருத்துவம் கற்று மக்களுக்குப் பணி செய்யுமாறு அங்கிருந்த பெரியோர் அறிவுரை கூறினர். அவ்வறிவுரையை ஏற்றுச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

கதர் அணிந்த மாணவர்

மருத்துவக் கல்லூரிப் படிப்புக்கு வேண்டிய பொருள் அவரிடம் இல்லை. நண்பர்களும், கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பவரும் உதவினர். அப்பெரியாரின் மகளார் சேஷகிரியை 1919-ஆம் ஆண்டில் சுப்பாராவ் மணந்தார்.

அந்நாளில் காந்தியடிகள் அயல்நாட்டுத் துணியை விலக்குமாறு மக்களை அழைத்தார். சுப்பாராவ் அவ்வழைப்பைச் சொல்லளவில் நிறுத்தவில்லை. அறுவை அறையில் அணியும் மேலங்கியையும் கதரிலேயே தைத்து அணிந்தார். இது அறுவை மருத்துவப் பேராசிரியருக்குச் சினம் மூட்டியது. சுப்பாராவ் எழுத்துத் தேர்வுகளில் நன்கு எழுதியிருந்தும், எம்.பி.பி.எஸ். பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அதனால் சென்னை மருத்துவப் பணியிலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. டாக்டர் லட்சுமிபதி என்பவர் நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் ஆசிரியராக அவர் அமர்ந்தார்.

இதனிடையே பெருந்துயர் ஒன்று அக்குடும்பத்தைத் தாக்கியது. ‘ஸ்புரூ’ என்னும் நோய்க்கு அவருடைய உடன்பிறந்தார் இருவர் அடுத்தடுத்துப் பலியாயினர். வெப்ப நாடுகளில் காணப்படும் இந்நோய் குடலைப் பற்றுவது. உண்ட உணவின் சத்தைக் குடல் ஏற்காது, வாயும் நாவும் புண்படும், வயிற்றுப்போக்கு நீடிக்கும், குருதி குறையும், உடல் நாளுக்கு நாள் மெலியும். சுப்பாராவையும் அந்நோய் பற்றியது. டாக்டர் லட்சுமிபதியின் மருத்துவத்தால் அவர் பிழைத்தெழுந்தார். இந்நோயின் காரணம் யாது? இதனைத் தீர்க்கும் பொருள் யாது? உடன்பிறந்தாரை இழந்த அவர் உள்ளத்தில் இக்கேள்விகள் நீங்காது நின்றன.

கடல் கடந்த வாழ்வு

மேற்கல்வி பெற அமெரிக்கா செல்வதென அவர் முடிவு செய்தார். மாமனாரும், காக்கிநாடாவிலுள்ள மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையமும் பொருளுதவி புரிந்தனர். மனைவியைத் தாய்நாட்டில் விட்டுக் கப்பலேறி, 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள் பாஸ்டன் நகரை அடைந்தார். அதன் பின்னர் அவர் தாய்நாட்டைக் காணவேயில்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பநாட்டு மருத்துவம் பயின்றார். கல்விக்கு இடம் கிடைத்தது. உணவுக்கு வழி கிடைக்கவில்லை. ஆகவே பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவு நேரப் பணியாளராக வேலை செய்தார். சென்னையில் மருத்துவம் கற்ற ஒருவர், பாஸ்டனில் இரவில் நோயாளருக்கு ஏவல் புரிந்து, பகலில் வகுப்பில் அமர்ந்தார். எத்தொழிலும் இழிவன்று என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

பின்பு உயிர்வேதியியல் துறையில் சைரஸ் பிஸ்க் என்னும் பேராசிரியருடன் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். உடலிலுள்ள பாஸ்பரஸின் அளவைக் காண்பது அக்காலத்தில் கடினமான செயல். இருவரும் சேர்ந்து அதற்கு எளிய முறையொன்றைக் கண்டு 1925-இல் வெளியிட்டனர். ஆய்வுக்குரிய நீர்மத்தில் மாலிப்டேட் என்னும் உப்பையும் வேறு சில பொருள்களையும் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். பாஸ்பேட் மிகுந்திருந்தால் நிறம் ஆழ்ந்திருக்கும். குறைந்திருந்தால் நிறம் வெளிறியிருக்கும். நிறத்தை அளந்து பொருளை அளக்கும் இம்முறை இருவர் பெயராலும் இன்றும் வழங்குகிறது.

இந்நீல நிறம் வேறு உண்மைகளுக்கும் வழிகாட்டியது. 1927-இல் தசையில் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளையும், 1929-இல் அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் பொருளையும் அவ்விருவரும் கண்டறிந்தனர். பின்னதை அவ்வாண்டிலேயே ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியே கண்டார். மனிதன் நடப்பதற்கும் ஓடுவதற்கும் இதயம் துடிப்பதற்கும் வேண்டிய ஆற்றலை வழங்கும் பொருள் இதுவே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1930-இல் ஹார்வர்டு சுப்பாராவுக்கு டாக்டர் பட்டம் அளித்தது. ஆயினும் நிலையான பதவி அவருக்கு அங்குக் கிடைக்கவில்லை. 1940-இல் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லே ஆய்வுக்கூடத்திற்குச் சென்றார். இரண்டே ஆண்டில் அதன் ஆராய்ச்சித் துறைக்கு இயக்குநரானார்.

ஈரலில் மறைந்திருந்த பொருள்

குருதிச் சோகை சிலருக்கு ஈரலை உண்பதால் நீங்குவதை மருத்துவர் அறிந்திருந்தனர். லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணி பம்பாயில் ஆலைகளில் உழைத்த ஏழைத் தாய்மாரை ஆராய்ந்து, கருவுற்ற காலத்தில் அவர்களைப் பற்றிய சோகையை ஈஸ்ட்டின் சாறு நீக்குவதைக் கண்டு 1931-இல் வெளியிட்டார். 1941-இல் டெக்ஸாஸ் அறிஞர்கள் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து அதே வகைப் பொருளைச் சிறிதளவு பிரித்து, அதற்கு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். இலத்தீன் மொழியில் ‘ஃபோலியம்’ என்பது இலையைக் குறிக்கும்.

நான்கு டன் கீரைக்குக் கிடைப்பது சிறிதளவே என்றால், நோயாளருக்குக் கொடுப்பது எவ்வாறு? பொருளின் அமைப்பை அறிந்து செயற்கையாக ஆக்குவதே வழி. சுப்பாராவின் தலைமையில் வேதியியலார் பலர் ஒன்றுகூடி உழைத்தனர். ஈரலிலிருந்தும் நுண்ணுயிர்களிலிருந்தும் அப்பொருளைப் பிரித்தனர். சிறு சிறு துண்டுகளாகச் சிதைத்து ஒவ்வொரு துண்டையும் ஆராய்ந்தனர். அதன் மூலக்கூறு மூன்று பகுதிகள் கொண்டது எனத் தெரிந்தது. ஒரு முனையில் டெரிடின் என்னும் இரட்டை வளையம். நடுவில் பாரா அமினோ பென்சாயிக் அமிலம். மறுமுனையில் குளூட்டாமிக் அமிலம். இம்மூன்றையும் முறைப்படி இணைத்து 1945-இல் ஃபோலிக் அமிலத்தை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கினர்.

டாம் ஸ்பைஸ் என்னும் மருத்துவர் அதனைக் கியூபா நாட்டில் ஸ்புரூ நோயாளருக்குக் கொடுத்தார். மெலிந்து படுத்திருந்தோர் பசி கொண்டு எழுந்தனர், குருதி ஊறியது. உடன்பிறந்தார் இருவரைக் கொண்டு சென்ற நோயின் கடுமையைத் தணிக்கும் மருந்து, கால் நூற்றாண்டுக்குப் பின் சுப்பாராவின் ஆய்வுக்கூடத்திலிருந்தே கிடைத்தது.

நொதியைத் தடுத்த மருந்து

அக்காலத்தில் குழந்தைகளைப் பற்றும் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தே இல்லை. நோய் கண்ட குழந்தை சில வாரங்களிலோ சில திங்களிலோ இறந்துபடும். பாஸ்டன் குழந்தை மருத்துவமனையில் சிட்னி பார்பர் என்னும் மருத்துவர் இதற்கு வழி காண முயன்றார். ஃபோலிக் அமில வகையைச் சேர்ந்த பொருள்களை இக்குழந்தைகளுக்குக் கொடுத்தபோது, புற்று அணுக்கள் குறைவதற்கு மாறாகப் பெருகுவது போல் அவருக்குத் தோன்றியது. நல்ல அணுக்களை வளர்க்கும் சத்து, தீய அணுக்களையும் வளர்த்தது. அவ்வாறாயின் அச்சத்தைத் தடுத்தால் தீய அணுக்களின் வளர்ச்சியும் நிற்கும் அன்றோ? ஃபோலிக் அமிலத்தின் செயலைத் தடுக்கும் பொருள்களைச் சுப்பாராவின் ஆய்வுக்கூடத்திலிருந்து அவர் வேண்டிப் பெற்றார்.

அப்பொருள்களுள் சிறந்தது அமினாப்டெரின். அது ஃபோலிக் அமிலத்தைப் பெரிதும் ஒத்தது. டெரிடின் வளையத்தின் ஓரிடத்தில் ஃபோலிக் அமிலத்துக்கு ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதி உண்டு. அமினாப்டெரினில் அதே இடத்தில் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த அமினோ தொகுதி உண்டு. வேறு வேற்றுமை இல்லை. ஃபோலிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 441; அமினாப்டெரினின் எடை 440. ஒன்று உயிரணுவை வளர்ப்பது. மற்றொன்று அதன் வளர்ச்சியை நிறுத்துவது. இத்துணைச் சிறிய மாற்றம் இத்துணைப் பெரிய விளைவைத் தருவதன் காரணம் 1950-களின் பிற்பகுதியில்தான் முழுதும் விளங்கியது.

உயிரணுக்களில் நிகழும் வேதியியல் மாற்றங்களை விரைவுபடுத்தும் புரதங்களுக்கு நொதிகள் என்று பெயர். ஒவ்வொரு நொதிக்கும் உரிய வேலை ஒன்று உண்டு. உரிய பொருள் வந்து பொருந்துவதற்கேற்ற பள்ளம் அந்நொதியின் உடலில் அமைந்திருக்கும். பூட்டுக்குச் சாவி பொருந்துவது போன்றது அது. உணவில் வரும் ஃபோலிக் அமிலம் அப்படியே பயன்படாது. டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்னும் நொதி அதனோடு ஹைட்ரஜனைச் சேர்த்துச் செயற்படு பொருளாக மாற்ற வேண்டும். அவ்வாறு மாறிய பொருள், ஒரு கார்பன் அணுவைக் கொண்ட சிறு தொகுதிகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் சுமந்து செல்லும். அச்சுமை கிடைத்தால்தான் மரபுப் பொருளான டி.என்.ஏ.-வின் பகுதிகள் உருவாகும், டி.என்.ஏ. இரட்டித்தால்தான் உயிரணு இரண்டாகப் பிரியும்.

அமினாப்டெரின் இந்நொதியை ஏமாற்றுகிறது. உருவ ஒற்றுமையால் அது நொதியின் பள்ளத்தில் எளிதில் நுழைகிறது. அமினோ தொகுதி இருப்பதால் நொதியோடு இயற்கைப் பொருளினும் பன்மடங்கு இறுகப் பற்றிக் கொள்கிறது, எளிதில் வெளியேறுவதில்லை. பொய்ச் சாவி பூட்டினுள் சிக்கிக் கொண்டால் மெய்ச் சாவிக்கு இடமேது? நொதி செயலற்றுப் போகிறது, டி.என்.ஏ. உருவாகாமையால், விரைந்து பெருகும் புற்று அணுக்கள் மடிகின்றன.

நடக்கவும் இயலாதிருந்த குழந்தைகளுக்கு 1947-ஆம் ஆண்டின் இறுதியில் பார்பர் இம்மருந்தை அளிக்கத் தொடங்கினார். கடும்நோயுற்ற 16 குழந்தைகளுள் 10 குழந்தைகள் தெளிவாக நலம் பெற்றதை 1948 சூனில் வெளியிட்டார். அந்நலம் நிலைக்கவில்லை, சில திங்களில் நோய் மீண்டது. ஆயினும் மருந்தினால் இந்நோயைப் பின்வாங்கச் செய்யலாம் என்பது அன்று முதன்முறையாக உறுதிப்பட்டது.

அமினாப்டெரினின் அமைப்பில் ஒரு நைட்ரஜன் அணுவின்மேல் உள்ள ஹைட்ரஜனை நீக்கி, அவ்விடத்தில் மெத்தில் தொகுதியைச் சேர்த்தபோது மெத்தோட்ரெக்சேட் உருவாயிற்று. அதன் மூலக்கூறு எடை 454. இதுவும் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் பிறந்ததே. நாளடைவில் அமினாப்டெரின் வழக்கொழிய, இதுவே நிலைபெற்றது.

மருந்தின் இயல்புகள்

மெத்தோட்ரெக்சேட் மஞ்சள் நிறமுடைய படிகத் தூள். நீரில் அது பெரும்பாலும் கரைவதில்லை. காரம் கலந்த நீரில் கரையும். ஆகவே ஊசி வழியே செலுத்துவதற்கு அதனைச் சோடிய உப்பாக மாற்றிக் கொள்வர். ஒளி பட்டால் அது சிதைவுறும் ஆதலின் ஒளி படாது காக்க வேண்டும். உடலுட் சென்ற மருந்தின் பெரும்பகுதி சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகிறது. சிறுநீரில் அமிலத்தன்மை மிகுந்திருந்தால் மருந்து கரையாது படிந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதனால் பேரளவில் இம்மருந்தைக் கொடுக்கும்போது, நோயாளருக்கு நீரும் சோடாவுப்பும் ஏற்றிச் சிறுநீரைக் காரத்தன்மையுடையதாக்குவர்.

இம்மருந்துக்குப் பகையும் நட்பும் பிரித்தறியும் கண் இல்லை. விரைந்து பெருகும் அணுக்கள் அனைத்தையும் அது தாக்கும். எலும்பு மச்சையும், வாய் குடல் ஆகியவற்றின் உட்சவ்வும், மயிர்க்கால்களும் அதனால் நலிவுறும். இதற்கும் வேதியியலே மாற்றுக் கண்டது. நொதியின் உதவியை வேண்டாது நேரே பயன்படும் ஃபோலினிக் அமிலத்தை உரிய நேரத்தில் கொடுத்தால், நல்ல அணுக்கள் பிழைத்துக் கொள்ளும். நஞ்சுக்கும் மருந்துக்கும் இடையே உள்ள எல்லை அளவும் காலமும் அறிந்து கொடுப்பதிலேயே அமைந்துள்ளது.

1956-இல் மின் சியூ லீ, ராய் ஹெர்ட்ஸ் என்னும் மருத்துவர்கள், தாய்மாரை நச்சுக்கொடியின் அணுக்களிலிருந்து தோன்றிப் பற்றும் கொடிய புற்றுநோயை மெத்தோட்ரெக்சேட் தீர்ப்பதைக் காட்டினர். பிற்காலத்தில் முடக்குவாதத்திற்கும் காளாஞ்சகப்படைக்கும் சிறிய அளவில் இம்மருந்து பயன்பட்டது. வேறு மருந்துகளுடன் சேர்த்துக் கொடுக்கப்பட்டு, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும் அது இன்றும் துணைசெய்கிறது. மருத்துவ வசதி மிக்க நாடுகளில் அந்நோய் கண்ட குழந்தைகளுள் பதின்மருக்கு ஏறத்தாழ ஒன்பதின்மர் இன்று பிழைத்து வாழ்கின்றனர்.

பிற தொண்டுகளும் மறைவும்

சுப்பாராவின் தொண்டு இதனோடு முடியவில்லை. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குச் சென்ற படைவீரர் பலரை யானைக்கால் நோய்ப் புழுக்கள் பற்றின. கொசுவின் வழியே குருதியில் புகும் அப்புழுக்களின் குஞ்சுகளை ஒழிக்கும் ஹெட்ரசான் என்னும் மருந்தை அவர் குழுவினர் 1947-இல் வெளியிட்டனர். டைஎதில்கார்பமசின் என்னும் வேதியியற் பெயருடைய அம்மருந்து, பின்னாளில் தமிழ்நாடு உள்ளிட்ட இந்தியப் பகுதிகளில் இந்நோயை ஒழிக்க மக்களுக்கு ஒருங்கே வழங்கப்பட்டது. மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து பெஞ்சமின் டக்கர் என்னும் முதிய அறிஞர் ஆரியோமைசின் என்னும் கிருமிக்கொல்லியைக் கண்டதும் சுப்பாராவின் மேற்பார்வையிலேயே ஆகும். 1948-இல் வெளிவந்த அதுவே டெட்ராசைக்ளின் வகையில் முதல் மருந்து.

இவ்வளவு செய்தும் அவர் புகழை நாடவில்லை. கண்டுபிடிப்புகளை உடனுழைத்தோர் பெயரால் வெளியிடச் செய்து, தாம் பின்னிருந்தார். பார்பரின் கட்டுரை வெளிவந்து இரண்டு திங்களே கழிந்த நிலையில், 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஓரிரவு உறங்கியவர் மீண்டும் விழிக்கவில்லை. இதயநோய் அவர் உயிரைக் கவர்ந்தது. அப்போது அவருக்கு வயது 53. தம் ஆய்வுக்கூடத்தில் பிறந்த பொருளால் புற்றுநோய் முற்றும் தீர்ந்தோரைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

அவர் பிறந்த நூறாம் ஆண்டாகிய 1995-இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. காளான் இனம் ஒன்றுக்கு அவர் நினைவாகச் ‘சுப்பாரோமைசிஸ்’ என அறிஞர் பெயரிட்டனர். இவற்றினும் மேலான நினைவுச்சின்னம் நோய் தீர்ந்து பள்ளிக்குத் திரும்பும் குழந்தைகளே. தேர்வில் இருமுறை தோற்றவர், உரிய பட்டத்தை இழந்தவர், உடன்பிறந்தாரைப் பறிகொடுத்தவர், அயல்நாட்டில் இரவுப் பணி செய்து பசி தீர்த்தவர். இத்தனை இடுக்கண்களுக்கிடையிலும் தாம் எடுத்த பணியைக் கைவிடாத அவர் வாழ்க்கை, கற்போர்க்கு என்றும் ஊக்கம் தருவதாகும்.